பினாங்கில் இறங்கும்போது தோளில் அடி, அன்றே எழுதிக் கொடுக்கவில்லை. இனி என்ன செய்யலாம்?

பின்வரிசை | செவ்வாய், இரவு 10.14

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது வருடமாக விமானத்தில் கிரூவாக (கேபின் பணியாளராக) இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன்பு, கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) பினாங்குக்கு மாலை விமானம். மொத்தப் பயணமே ஒரு மணி நேரம்தான். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் உணவு டிராலியை இழுத்துக்கொண்டு கிளம்பினால், கொடுத்து, வாங்கி, குப்பை சேர்த்து முடிக்கும்போது இறங்கத் தொடங்கிவிடும். அன்று விளக்கு மறுபடி எரிந்தபோது நான் பின்பக்கச் சமையல் பகுதியில் டிராலியை உள்ளே தள்ளிப் பூட்டிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளை இன்னும் திருப்பவில்லை. விமானம் ஒரே போடாகக் கீழே போனது. டிராலி வெளியே வந்தது. பயணிகள் பக்கம் ஓடிவிடக் கூடாது என்று வலது கையால் பிடித்தேன். விமானம் நிமிர்ந்தபோது அந்த மொத்தக் கனமும் என் தோளை இழுத்தது. கணுக்காலிலும் அடி.

வலி இருந்தது. ஆனால் திரும்பிப் போகும் விமானத்துக்கு 30 நிமிடம்தான். நான் நின்றுவிட்டால் ஆள் குறையும், விமானம் தாமதமாகும், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஐஸ் வைத்துக்கொண்டு திரும்பவும் பறந்தேன். யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தலை சீவக் கை தூக்க முடியவில்லை. பேனல் கிளினிக்கில் (நிறுவனம் ஏற்பாடு செய்த கிளினிக்) இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), வலி மாத்திரை. சீட்டில் 'தசை வலி' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மேலாளரிடம் சொன்னபோது, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? வீட்டில் துணி காயப்போடும்போது பிடித்திருக்கலாமே" என்றார். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வருகிறது. அம்மா பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறார், தம்பி இன்னும் படிக்கிறான். இதைக் கிளறுவதா, மாத்திரை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதா?

ஓய்வுபெற்றசிறகு | செவ்வாய், இரவு 11.02

தங்கச்சி, முதலில் ஒன்று. ஐஸ் வைத்துக்கொண்டு திரும்பப் பறந்தது உன் தப்பு என்று நினைத்துக்கொண்டே இருக்காதே. 24 வருடம் இதே வேலையில் இருந்தேன். எங்கள் காலத்தில் எல்லாரும் அதைத்தான் செய்தோம்.

எனக்கு ஒரு காது பாதிதான் கேட்கும். 1990களில் ஒரு நாள் சளியோடு பறந்தேன். ஸ்டேண்ட்பை ஆள் இல்லை, நீதான் போக வேண்டும் என்றார்கள். விமானம் இறங்கும்போது கேபினில் அழுத்தம் கூடும். மூக்குக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் சளியில் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சமன் ஆகாது, செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். எனக்கு ஊசி குத்துவது போல ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் 'டப்' என்று வலி நின்றது. நின்றதும் நிம்மதியாக இருந்தது. கிழிந்ததால்தான் நின்றது என்று அப்புறம்தான் தெரிந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு வாசலில் நின்று பயணிகளுக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். எந்த ஏட்டிலும் அது இல்லை. பதினைந்து வருடம் கழித்துக் கேட்டபோது, வயதானால் காது மந்தமாகத்தானே செய்யும் என்றார்கள். நான் என்ன காட்டுவேன்?

வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் சீராகப் போகும்போது கூட விமானத்தின் தரை சமமாக இருக்காது. மூக்கு இரண்டு மூன்று டிகிரி தூக்கியே இருக்கும். நிரம்பிய பெரிய டிராலி 80 கிலோ வரைக்கும் வரும். பின்னாலிருந்து முன்னால் தள்ளுவது மேட்டில் ஏற்றுவதுதான். அதை ஒரு நாளைக்கு நான்கு செக்டர் (ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு செக்டர்) என்று பத்து வருடம் செய்தால் முதுகும் தோளும் என்ன ஆகும்? என்னோடு வேலை செய்தவர்களில் முதுகு நல்லபடியாக இருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அன்று உன்னோடு பின்னால் யார் இருந்தார்கள்? ஐஸ் எடுத்துக் கொடுத்தது யார்? அவர்களிடம் இன்றைக்கே பேசு.

நீலாய்அப்பா | புதன், காலை 6.48

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். என் மகளும் கிரூதான், சேர்ந்து இரண்டு வருடம். அவள் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு வந்தபோது நான்தான் "பேசாமல் இரு, ஒப்பந்தம் உறுதியாகட்டும்" என்றேன். நாங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மேலிடத்தில் பெயர் கெட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) நல்ல பயணங்கள் குறையும், அலவன்ஸ் போகும். தோள் ஆறிவிடும், வேலை போனால் அந்த வேலை திரும்பி வராது. சொந்தக் காசில் நல்ல டாக்டரைப் பாருங்கள் அம்மா. ஒரு தகப்பனாகச் சொல்கிறேன்.

பாயான்_ஷிஃப்ட் | புதன், காலை 7.30

நீலாய் அண்ணன் பயம் எனக்கும் புரிகிறது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன், விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடம். எங்கள் லைனில் ஒரு பெண்ணுக்கு விரலில் தோல் கிழிந்தால் போதும், பாதுகாப்பு அதிகாரி பாரத்தோடு வந்து நிற்பார், படம் எடுப்பார், இயந்திரத்தை நிறுத்துவார். எங்கள் முதலாளிகள் நல்லவர்கள் என்பதால் இல்லை. முன்பு அடிபட்டவர்கள் எழுதிக் கொடுத்துக் கொடுத்துத்தான் அந்தப் பழக்கம் வந்தது.

அதே பினாங்கில், தலைக்கு மேலே பறக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் 'துணி காயப்போடும்போது பிடித்திருக்கலாம்' என்ற பேச்சு? அவருக்கும் அது வேலையிடம்தானே?

கிள்ளான்_லதா | புதன், மதியம் 1.15

மனிதவளத் துறையில் பல வருடம் சொக்சோ (மலாயில் பெர்க்கேசோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விவகாரங்களைப் பார்த்தவள் நான். பின்வரிசை, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இது 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வேலையிட விபத்து. விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் பெர்க்கேசோவுக்கு அறிவிப்பது முதலாளியின் பொறுப்பு. நீங்கள் மேலாளரிடம் வாயால் சொன்ன நாளே அவருக்குத் தெரிய வந்துவிட்டது. அதனால் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'இந்தத் தேதியில் உங்களிடம் நேரில் சொன்னபடி' என்று ஆரம்பித்து விமான எண், நேரம், எந்த இடத்தில் நின்றீர்கள், எது மேலே மோதியது, யார் பார்த்தது எல்லாம் எழுதுங்கள். கோப வார்த்தை ஒன்று கூட வேண்டாம். அவர்கள் அசையாவிட்டால் நீங்களே பெர்க்கேசோ அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம்.

பணம் பற்றி. தற்காலிக இயலாமைக்கு, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால்தான் தொகை கிடைக்கும். அது சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. உங்கள் இரண்டு நாள் சீட்டுக்கு ஒன்றும் வராது. 'ஒன்றும் வராதே, எதற்கு எழுதுவது' என்றுதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தோளுக்கு அறுவை சிகிச்சை என்றால், நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று மருத்துவர் குழு பார்க்கும்போது, முதல் கேள்வியே இது எந்த விபத்தால் வந்தது என்பதுதான். அதற்குப் பதில் இந்த வாரம் நீங்கள் எழுதும் தாளில் இருக்க வேண்டும். குழுவின் முடிவு சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்று, சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கிரூவுக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், அலவன்ஸ் அதிகம். 2024 அக்டோபர் முதல் மாதம் 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான சம்பளத்துக்குச் சந்தா பிடிக்கிறார்கள். ஆனால் பயணப்படி சட்டப்படி சம்பளமாகக் கணக்கில் வராது. எந்த அலவன்ஸைச் சம்பளம் என்றும் எதைப் பயணப்படி என்றும் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் 80 விழுக்காடு சுருங்கும். அடிபட்ட பிறகுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

நீலாய் ஐயா, உங்கள் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27ஆவது பிரிவைப் பாருங்கள். பாதுகாப்புக் குறையைச் சொன்ன காரணத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ அவர் நிலையைத் தாழ்த்தவோ கூடாது. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாகிவிட்டது. நடைமுறையில் வேறு காரணம் சொல்லி அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அப்படி வந்தாலும் எழுதி வைத்தவளிடம் தேதி இருக்கும்.

இயன்முறை_ஜார்ஜ்டவுன் | புதன், மாலை 5.50

மூன்று கேள்வி. அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் ராத்திரி வலியில் விழிப்பு வருகிறதா? கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதியில் வலி வெட்டி, மேலே போனதும் குறைகிறதா? முதுகுப்பக்கம் உடையின் ஜிப் போட முடிகிறதா?

தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் பாதி கிழிந்திருந்தால் இப்படி இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநார் தெரியாது. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ கேளுங்கள். டாக்டரிடம் 'தோள் வலி' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'விமானம் குலுங்கியபோது டிராலியைப் பிடித்தேன், அப்போது இழுபட்டது' என்று சொல்லி அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கையைத் துணியில் கட்டி ஒரு மாதம் அசைக்காமல் வைத்துவிடவும் வேண்டாம். தோள் இறுகிப்போனால் விடுபட ஒரு வருடத்துக்கு மேல் கூட ஆகும். வலி இல்லாத எல்லைக்குள் ஊசல் போல மெதுவாக ஆட்டுங்கள். மேலே பெட்டி தூக்குவது இப்போதைக்குக் கூடவே கூடாது.

பெர்க்கேசோவில் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று 2007லிருந்து இருக்கிறது. மலாக்காவில் அவர்களுக்குப் பெரிய மறுவாழ்வு மையமும் உண்டு. என்னிடம் வந்த ஒரு தொழிற்சாலைத் தம்பி அங்கே போய்த் தேறி வந்தார். விபத்துப் பதிவாகியிருந்ததால்தான் அவருக்கு அந்த வழி திறந்தது.

வலதுஇருக்கை | புதன், இரவு 9.37

துணை விமானியாக இருக்கிறேன். 'சீட் பெல்ட் விளக்குதான் எரிந்ததே, கிரூ ஏன் உட்காரவில்லை' என்று இங்கே யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

2024 மே 21, லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்.கியூ. 321. மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே, 37,000 அடியில். சிங்கப்பூர் விசாரணை அமைப்பின் முதற்கட்ட அறிக்கைப்படி, சீட் பெல்ட் விளக்கு போட்டதை விமானி சொல்லி 8 விநாடியில் பெரிய குலுக்கல் ஆரம்பித்தது. 0.6 விநாடியில் ஈர்ப்பு விசை (தரையில் நிற்கும்போது 1) கூட்டல் 1.35இலிருந்து கழித்தல் 1.5க்குப் போனது. பெல்ட் போடாதவர்கள் கூரைக்குப் போனார்கள். அடுத்த 4 விநாடியில் கூட்டல் 1.5. மேலே போனவர்கள் விழுந்தார்கள். ஒரு பயணி இறந்தார். 8 விநாடியில் டிராலியைப் பூட்டிவிட்டு கிரூ உட்காரும் ஜம்ப் சீட்டுக்குப் போய் நான்கு பட்டையையும் மாட்ட முடியுமா?

2008 அக்டோபர் 7இல் சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவாண்டாஸ் 72ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றால் இல்லை, கணினிக்குப் போன தவறான தகவலால் மூக்கைக் கீழே குத்தியது. 303 பயணிகளில் குறைந்தது 110 பேருக்குக் காயம், கிரூ 12 பேரில் 9 பேருக்குக் காயம். இந்த இரண்டு எண்ணையும் நான் மறப்பதே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009 முதல் 2018 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தபோதும் இதே கதைதான். குலுக்கலில் பலத்த காயம்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கிரூ. இறங்கும் நேரத்தில் அவர்களை இன்னும் முன்னதாகவே உட்கார வைக்க வேண்டும் என்று வாரியம் சொன்னது.

பின்வரிசை சொன்ன செக்டரில் அதுதான் சிக்கல். பினாங்கு மாலையில் இடிமேகம் கட்டும் இடம். ஓடுபாதைக்கு மேற்கே மலை வேறு. விமானத்தின் வால் பக்கம் எப்போதும் அதிகமாக ஆடும். நாங்கள் முன்னால் இருந்துகொண்டு 'லேசான ஆட்டம்' என்று நினைப்பது பின்னால் லேசாக இருக்காது. என் கேப்டன்களில் ஒருவர் அந்தச் செக்டரில் மேகம் பார்த்தாலே "இன்று சூடான பானம் வேண்டாம், சீக்கிரம் முடித்து உட்காருங்கள்" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுவார். பயணிகள் முணுமுணுப்பார்கள். அவர் கவலைப்பட மாட்டார்.

உங்களுக்கு உதவும் ஒன்று. விமானம் அப்படி விழுந்தது விமானத் தரவுப் பதிவில் இருக்கும். கேப்டனும் குலுக்கலைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கலாம். மின்னஞ்சலில் அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள். கணுக்காலையும் எக்ஸ்ரே எடுங்கள். பன்னாட்டு விதியில் விரல், மூக்கின் எளிய முறிவு தவிர எந்த எலும்பு முறிந்தாலும் அது பலத்த காயம், பறப்பின்போது நடந்தால் அது 'விபத்து'. முறிவு இருந்தால் இது உங்கள் மேலாளர் அளவில் முடிகிற விஷயம் இல்லை.

கூலிம்_பயணி | வியாழன், காலை 8.05

மாதம் இருமுறை பறக்கிறேன். என் பெட்டி 7 கிலோவுக்கு மேலே இருக்கும், தெரிந்தேதான் கொண்டு போவேன். மேலே வைக்கக் கிரூ பிள்ளைகளைத்தான் கூப்பிடுவேன். இனிமேல் கூப்பிட மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை | சனி, இரவு 8.20

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. லதா அக்கா சொன்னபடி புதன் ராத்திரியே மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு முறை திருத்தி எழுதினேன், கோபம் வந்து வந்து நின்றது.

அன்று ஐஸ் கொடுத்தவள் என் ஜூனியர், சேர்ந்து எட்டு மாதம்தான். அவளிடம் கேட்கவே தயக்கமாக இருந்தது, அவளும் ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நான் கேட்டு முடிப்பதற்குள், "அக்கா, நான் அன்றைக்கே போனில் குறித்து வைத்தேன், டிராலி கிடந்த படமும் இருக்கிறது" என்றாள். வாய்விட்டு அழுதுவிட்டேன். பர்சரும் (எங்கள் கிரூவின் தலைவர்) இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது. யோசித்துத்தான் கொடுத்தார், அதனால் அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

நேற்று அல்ட்ராசவுண்ட். வலது தோளில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. கணுக்காலில் முறிவு இல்லை. டாக்டர் 14 நாள் எம்.சி. கொடுத்தார். காரணத்தை நான் சொன்னபடியே எழுதினார். விபத்துப் பாரத்தை நிரப்புவதாக அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. 'துணி காயப்போட்ட' பேச்சு இப்போது இல்லை. ஒப்பந்தம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

நீலாய்அப்பா | சனி, இரவு 9.11

படித்தேன் அம்மா. உங்கள் ஜூனியர் வயதுதான் என் மகளுக்கும். அவளுடைய மணிக்கட்டு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, கனமான குடத்தைத் தூக்கினால் முகம் சுளிக்கிறாள். நான் சொல்லித்தான் எழுதாமல் விட்டாள். லதா அம்மா, ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?

கிள்ளான்_லதா | சனி, இரவு 9.40

எழுதச் சொல்லுங்கள் ஐயா. தாமதம் என்று கேள்வி கேட்பார்கள், அதற்குத் தயாராக இருக்கட்டும். அன்றைய ரோஸ்டர், அந்த வாரம் வாங்கிய மருந்து ரசீது, தோழிகளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கிரூவுக்கென்றே மலேசியாவில் நுஃபாம் என்ற தொழிற்சங்கம் இருக்கிறது. அவள் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் கேட்கட்டும். திங்கள் காலை என்னைத் தனிச்செய்தியில் கூப்பிடுங்கள், பாரம் நிரப்பும்போது கூட இருக்கிறேன்.

புதுச்சிறகு | சனி, இரவு 11.08

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். நான் சேர்ந்து நான்கு மாதம். இன்று மதியம் விமானத்தில் ஒருவருக்கு மெகி நூடுல்ஸ் கப்பில் வெந்நீர் ஊற்றும்போது ஆட்டத்தில் என் இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. மேலே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அவ்வளவாகச் சுடாது என்று சீனியர் சொன்னார். இப்போது இரண்டு கொப்புளம். இவ்வளவு சின்னதற்கெல்லாம் எழுத வேண்டுமா அக்கா?

ஓய்வுபெற்றசிறகு | சனி, இரவு 11.19

அம்மாடி, கேபின் அழுத்தத்தில் 92, 93 டிகிரியில் கொதிக்கும், அது சரிதான். 60 டிகிரியே தோலை வேக வைக்கும். கொப்புளத்தை உடைக்காதே, பற்பசை தடவாதே. அடுத்த முறை உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டு. விமானக் குழாயில் அவ்வளவு வராது, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இரு. நாளைக் காலை கிளினிக்.

பின்வரிசை | சனி, இரவு 11.24

தங்கச்சி, தூங்குவதற்கு முன்பு படம் எடு. பக்கத்தில் ஒரு காசை வைத்து எடு, அளவு தெரியும். விமான எண், நேரம், எந்த வரிசை, பக்கத்தில் யார் இருந்தார்கள், நான்கு வரி போதும். பர்சருக்கும் உன் மேலாளருக்கும் அனுப்பு, உன் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. பயமாக இருந்தால் எழுதி எனக்கு அனுப்பு, நான் பார்த்துத் தருகிறேன். விழித்துத்தான் இருக்கிறேன், இந்தத் தோளோடு சீக்கிரம் தூக்கம் வராது.

புதுச்சிறகு | சனி, இரவு 11.52

அனுப்பிவிட்டேன் அக்கா.